பழைய பேஜ்மேக்கருக்குப் புதிய மேட்டர்: விண்டோஸ் 98 எமுலேட்டரில் இன்றைய கோப்புகளைத் திறக்கும் முறை

கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் அச்சகத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே திரௌபதி அம்மன் கோயிலின் பாரதக் கூத்து நோட்டீஸ் அச்சாகிறது. அதன் மூலக் கோப்பு 1999-இல் விண்டோஸ் 98 கணினியில், பேஜ்மேக்கர் 6.5 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைக்கப்பட்டது. அதைத் திறந்தால் முகவரி வரியில் இன்றும் ‘கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டம்’ என்றே இருக்கும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்றுதான். மூலத்தைத் தொடாமல் ஆண்டுதோறும் ஒரு நகல் எடுத்து, தேதி, நாள்வாரிக் கூத்து விவரம், நன்கொடையாளர் பெயர் ஆகியவற்றை மட்டும் மாற்றி அச்சிடுவது எங்கள் வழக்கம். எழுத்தும் கட்டமும் ஓரப் பூவேலையும் அப்படியே இருக்க வேண்டும் என்பது ஊர்ப் பெரியவர்களின் விருப்பம் ஆகையால், புதிய மென்பொருளில் முதலிலிருந்து அமைக்கும் பேச்சே எழவில்லை.

அந்தப் பழைய கணினியின் மதர்போர்டு போன பிறகு, அதன் ஹார்ட் டிஸ்கில் இருந்தவற்றை எடுத்து எமுலேட்டருக்குள், அதாவது இன்றைய கணினிக்குள் பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளுக்குள், குடியேற்றினேன். பேஜ்மேக்கர் எந்தக் குறையுமின்றி ஓடுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. விழாக் குழுவினர் மேட்டரை இப்போது கைப்பேசியில் அனுப்புகிறார்கள்: நிகழ்ச்சி நிரல் டாக்எக்ஸ் கோப்பாகவும், நன்கொடைப் பட்டியல் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகவும், அம்மன் படம் எச்இஐசி அல்லது வெப்பி கோப்பாகவும் வருகின்றன. 1998-இல் வெளிவந்த இயங்குதளம் இவற்றில் ஒன்றைக்கூட அறியாது.

இதற்கு இரண்டு அணுகுமுறைகள் உண்டு. விண்டோஸ் 98-க்குள் கூடுதல் செருகுநிரல்களை ஏற்றி அதையே புதிய கோப்புகளைப் படிக்கப் பழக்குவது ஒன்று. வெளியே உள்ள இன்றைய கணினியிலேயே கோப்பை மாற்றி, பழையது அறிந்த வடிவில் உள்ளே கொடுப்பது மற்றொன்று. முதல் வழியில் நான் ஒரு வாரத்தை வீணடித்திருக்கிறேன். டாக்எக்ஸைத் திறக்க மைக்ரோசாஃப்ட் முன்பு வழங்கிய இணக்கத் தொகுப்புக்கே குறைந்தது விண்டோஸ் 2000 வேண்டும். டாக்எக்ஸைப் படிக்கத் தெரிந்த ஓப்பன்ஆஃபீஸ் 3.0-ஓ விண்டோஸ் 98-ஐக் கைவிட்ட பதிப்பு. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் இரண்டாம் வழியையே விளக்குகிறது.

எமுலேட்டரின் அமைப்பு

நான் பயன்படுத்துவது 86பாக்ஸ். பழைய கணினியின் மதர்போர்டு, பயாஸ், டிஸ்ப்ளே கார்டு வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போலச்செய்து காட்டும் எமுலேட்டர் இது. இதற்கு வேண்டிய ரோம் கோப்புகளை (பழைய சிப்களில் இருந்த நிரல்களின் நகல்களை)த் தனியாக இறக்கி அதன் கோப்புறையில் வைக்க வேண்டும். பென்டியம் எம்எம்எக்ஸ் 200 அல்லது 233 மெகாஹெர்ட்ஸ் செயலி, 128 எம்பி நினைவகம், எஸ்3 வகை டிஸ்ப்ளே கார்டு ஆகியவை பேஜ்மேக்கருக்குத் தாராளமாகப் போதும். ‘இப்போதுதான் நிறைய ராம் இருக்கிறதே’ என்று 1 ஜிபி கொடுத்துவிட வேண்டாம். 512 எம்பிக்கு மேல் போனால் விண்டோஸ் 98-இன் நினைவக மேலாண்மை குழம்பி, தொடங்கும்போதே பிழை காட்டக்கூடும். சாளரத்தின் தலைப்புப் பட்டையில் ஒரு சதவீத எண் ஓடிக்கொண்டிருக்கும். அது 100-க்குக் கீழே அடிக்கடி இறங்கினால், உங்கள் கணினியால் அந்தச் செயலியின் வேகத்தை ஈடுகட்ட முடியவில்லை என்று பொருள். அப்போது இன்னும் மெதுவான செயலியைத் தேர்ந்தெடுத்தால், விந்தையாகத் தோன்றினாலும், வேலை சீராகும்.

அச்சுப் போர்ட்டில் டாங்கிள் என்ற உரிமப் பூட்டைச் செருகினால் மட்டும் ஓடும் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள்களை எமுலேட்டருக்குள் ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடலாம். நமக்குத் தேவை அவற்றின் தட்டச்சுப் பலகை அன்று. பழைய கோப்பில் பயன்பட்ட ட்ரூடைப் எழுத்துருக் கோப்பு மட்டுமே. அது பழைய டிஸ்கின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் கிடைத்துவிடும்.

கோப்பை உள்ளே அனுப்புதல்

86பாக்ஸுக்குள் விண்டோஸ் 98 ஓடும்போது வெளியே உள்ள கோப்புறையைப் பகிர்ந்துகொள்ளும் எளிய ஏற்பாடு அதனிடம் இல்லை. உண்மையான பழைய கணினிக்கு எப்படிக் கொடுப்போமோ அப்படித்தான் கொடுக்க வேண்டும். எனக்கு மிகவும் நம்பிக்கையான வழி சிடி. கொடுக்க வேண்டிய கோப்புகளை ஒரு கோப்புறையில் சேர்த்து, இம்க்பர்ன் போன்ற மென்பொருளால் ஜோலியட் வசதியுடன் ஐஎஸ்ஓ கோப்பாக்கி, எமுலேட்டரின் சிடி சின்னத்தைச் சொடுக்கி ஏற்றினால், உள்ளே அது சிடியாகத் தெரியும். சிடி படிக்க மட்டுமே என்பதால் எதுவும் கெட வழியில்லை. வெறும் எழுத்துக் கோப்பு என்றால் ஃப்ளாப்பியே போதும், 1.44 எம்பி ஃப்ளாப்பியின் உருவக் கோப்பு சரியாக 14,74,560 பைட் இருக்கும், அதில் பல ஆண்டு நோட்டீஸ்களின் மேட்டர் அடங்கும்.

நாள் முழுவதும் ப்ரூஃப் திருத்தம் வந்துகொண்டே இருக்கும் வேளைகளில் நெட்வொர்க் வசதியானது. எமுலேட்டரில் ரியல்டெக் ஆர்டிஎல்8029ஏஎஸ் கார்டைத் தேர்ந்தெடுத்து, இணைப்பு வகையாக ஸ்லர்ப் என்பதை வைத்தால், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு உங்கள் கணினி 10.0.2.2 என்ற முகவரியில் தெரியும். வெளியே பைத்தானின் எளிய வலைச் சேவையகத்தை 8000-ஆம் போர்ட்டில் ஓடவிட்டு, உள்ளே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 10.0.2.2:8000 என்று கொடுத்தால் கோப்புறையின் பட்டியல் வந்து நிற்கும். வேண்டியதைச் சொடுக்கிச் சேமித்துக்கொள்ளலாம். இன்றைய வலைத்தளங்களை அந்தப் பழைய உலாவியில் திறக்க முடியாமைக்குக் காரணமான மறையாக்கம் இந்த உள்வீட்டுப் போக்குவரத்தில் இல்லாததால் இது தடையின்றி நடக்கிறது.

எமுலேட்டரின் ஹார்ட் டிஸ்க் உருவத்தை வெளியிலிருந்தே திறந்து கோப்பைப் போடுவது நான்காவது வழி. டிஸ்கின் முதல் பிரிவு (பார்ட்டிஷன்) வழக்கமாக 63-ஆம் செக்டரில் தொடங்கும். செக்டருக்கு 512 பைட் வீதம் 32,256 என்ற இடப்பெயர்ச்சியை எம்டூல்ஸ் கருவிக்குக் கொடுத்தால் உள்ளே உள்ள கோப்புறைகள் தெரியும். ஆனால் எமுலேட்டர் முழுவதுமாக நிறுத்தப்பட்டிருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ஒரு முறை விண்டோஸ் 98 திரையில் ஓடிக்கொண்டிருக்க, அவசரத்தில் மூன்று கோப்புகளை இப்படி உள்ளே தள்ளினேன். டிஸ்கின் இட ஒதுக்கீட்டு அட்டவணையை அது தன் நினைவகத்தில் வைத்திருந்ததால், நான் எழுதியதன் மேல் தன்னுடையதை எழுதியது. மறுநாள் ஸ்கேன்டிஸ்க் ஓடி முடிந்தபோது, அந்த ஆண்டு நோட்டீஸ் இருந்த இடத்தில் ஃபைல்0000.சிஎச்கே என்று தொடங்கும் துண்டுக் கோப்புகள் வரிசையாக நின்றன. மூலக் கோப்பு தனிச் சிடியில் இருந்ததால் தப்பித்தோம்.

எந்த வழியில் அனுப்பினாலும், கோப்பின் பெயரை முதலில் ஆங்கில எழுத்துகளுக்கு மாற்றிவிட வேண்டும். ‘நிகழ்ச்சி நிரல் இறுதி’ என்று தமிழில் பெயரிட்ட கோப்பு விண்டோஸ் 98-இல் அடிக்கோடுகளின் வரிசையாகத் தெரியும். சொடுக்கினால் திறக்காது, நீக்கவும் மறுக்கும். எட்டு எழுத்துக்குள் இடைவெளியில்லாத பெயர் எப்போதும் பாதுகாப்பானது.

தமிழ் மேட்டர்

உண்மையான வேலை இங்கேதான். டாக்எக்ஸ் என்பது ஆஃபீஸ் 2007-உடன் வந்த வடிவம். எக்ஸ்எம்எல் கோப்புகளை ஜிப் செய்து கட்டிய மூட்டை அது. விண்டோஸ் 98-இன் நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்துகள் ‘பிகே’ என்ற ஆங்கில எழுத்துகளாகவும் மீதி குப்பையாகவும் தெரியும். அந்தப் ‘பிகே’ ஜிப் மூட்டையின் முத்திரை. டாக் என்று பெயரை மாற்றி அனுப்பினால் திறந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு; பெயரை மாற்றினாலும் முத்திரை அப்படியேதான் இருக்கும்.

லிப்ரே ஆஃபீஸில் திறந்து ‘வேர்ட் 97–2003’ வடிவில் சேமித்தால் ஆங்கிலக் கோப்பு எளிதாக வேலையை முடித்துவிடும். தமிழ்க் கோப்பு அப்படி முடியாது. மைக்ரோசாஃப்ட் தமிழ் யூனிகோடுக்கு வழி செய்ததே விண்டோஸ் 2000-இல்தான், லதா எழுத்துருவுடன். விண்டோஸ் 98-க்கு உயிர்மெய்யைக் கோத்துக் காட்டத் தெரியாது. ஆர்டிஎஃப் வடிவில் சேமித்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: ‘க’ என்ற எழுத்து அந்தக் கோப்பில் 2965 என்ற எண்ணாகவும், எண்ணை அறியாதவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியாகவும் எழுதப்படும். யூனிகோடு அறியாத பழைய மென்பொருள் எண்ணைத் தள்ளிவிட்டுக் கேள்விக்குறியை மட்டும் எடுத்துக்கொள்ளும். பக்கம் முழுவதும் கேள்விக்குறிகளாக நின்றால் காரணம் இதுதான்.

ஆகவே கோப்பின் வடிவத்தை மட்டுமன்றி எழுத்தின் குறியாக்கத்தையும், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாட்டையும், மாற்ற வேண்டும். எங்கள் நோட்டீஸ் பாமினி எழுத்துருவில் உள்ளது. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருக்களை வரைந்து வைத்த எழுத்துரு. ‘மாம்பழம்’ என்ற சொல் பாமினியில் கே, எச், கே, அரைப்புள்ளி, ஜி, ஓ, கே, அரைப்புள்ளி என்ற எட்டு பைட். அதே சொல் யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் இருபத்து நான்கு பைட். வேறுபாடு அளவோடு நிற்பதில்லை. ‘கொ’ என்பது யூனிகோடில் முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி என்று இரண்டு எழுத்து. பாமினியில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று. எனவே எழுத்துக்கு எழுத்து தேடி மாற்றும் முறை பயன்படாது. வரிசையையும் திருப்பத் தெரிந்த மாற்றி வேண்டும். நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வெர்ட்டர் இதைச் செய்கிறது. 1999-இல் அறிவிக்கப்பட்ட டேப், டேம் குறியாக்கங்களில் உள்ள பழைய கோப்புகளுக்கும் அதுவே உதவும். திஸ்கி என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறியாக்கத்தின் எழுத்துரு வைத்திருப்போர் லினக்ஸில் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். அதன் ஐகான்வ் கட்டளைக்கே திஸ்கி தெரியும்.

செய்முறையை எங்கள் நிகழ்ச்சி நிரலைக் கொண்டே சொல்கிறேன். டாக்எக்ஸைப் புதிய கணினியில் திறந்து, முழு உரையையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தடித்த எழுத்து, அட்டவணை முதலிய அலங்காரங்கள் இங்கேயே கழன்றுவிடும், கழல்வதே நல்லது. அடுத்து உரையைத் துப்புரவு செய்ய வேண்டும். கைப்பேசித் தட்டச்சில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிகளும் பிரியா இடைவெளிகளும் சொற்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். 2010-இல் வந்த ரூபாய்ச் சின்னம் பழைய எழுத்துருவில் கிடையாது; அதை ‘ரூ.’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கோயில் நோட்டீஸில் தவிர்க்க முடியாத ‘ஸ்ரீ’ யூனிகோடில் இருவகையாக எழுதப்படுகிறது: ‘ஸ’-வில் தொடங்குவது ஒன்று, 2005-இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’-வில் தொடங்குவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், மாற்றிக்கு ஒன்று மட்டுமே தெரிந்திருக்கலாம். ஒரே வகையாக முன்கூட்டியே மாற்றிவிட்டால், ‘ஸ்ரீ’ வரும் இடமெல்லாம் ஓட்டை விழாது. ‘திரௌபதி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சு செய்பவர்கள் பலர். யூனிகோடில் அது பிழை, ஆனால் பாமினியில் இரண்டுக்கும் ஒரே உருவம்தான். பழைய எழுத்துரு மன்னித்துவிடும் பிழைகளில் இதுவும் ஒன்று.

துப்புரவு முடிந்த உரையை மாற்றியில் கொடுத்து, யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றி, வரும் உரையை நோட்பேடில் ஒட்டி, சேமிக்கும்போது குறியாக்கமாக ‘ஆன்சி’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில எழுத்துகள் இழக்கப்படும் என்று நோட்பேட் அப்போது எச்சரித்தால், ‘சரி’ என்று அழுத்திவிடாதீர்கள். மாற்றப்படாத யூனிகோடு எழுத்து எங்கோ எஞ்சியிருக்கிறது என்பதுதான் அந்த எச்சரிக்கையின் பொருள். தேடி எடுத்துவிட்டு மீண்டும் சேமியுங்கள். லினக்ஸில் உருவாக்கிய கோப்பாக இருந்தால் வரி முடிவுகளையும் விண்டோஸ் முறைக்கு மாற்ற வேண்டும். இல்லையெனில் விண்டோஸ் 98 நோட்பேடில் எல்லா வரிகளும் ஒன்றாகி, நடுவே கருங்கட்டங்கள் தெரியும். அந்த நோட்பேடின் கொள்ளளவு 64 கேபி. அதற்கு மேற்பட்ட கோப்பை வேர்ட்பேடில் திறந்து பார்க்கலாம்.

இப்படி வந்த எழுத்துக் கோப்பை பேஜ்மேக்கரில் பிளேஸ் கட்டளையால் இடும்போது தோன்றும் பெட்டியில் இரண்டு தேர்வுகளின் டிக் குறிகளை எடுத்துவிட வேண்டும். மேற்கோள் குறிகளைத் தானாக மாற்றும் தேர்வு ஒன்று. பாமினியில் நிறுத்தற்குறிகள் சிலவற்றின் இடத்தில் தமிழ் எழுத்துகள் அமர்ந்திருப்பதால், தானாக எதையும் திருத்தும் வசதி நமக்கு ஆகாது. வேர்டிலும் இதே கதைதான்: வரியின் முதலெழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் அடிக்கும் ‘ம’ அடுத்த நொடியே ‘மு’ ஆகிவிடும்.

மற்றொன்று, கோண அடைப்புக்குள் உள்ள பாணிப் பெயர்களைப் படிக்கும் தேர்வு. இதை நான் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஓர் ஆண்டு நன்கொடையாளர் வரிசையில் ‘ஈரோடு, ஜவுளி வியாபாரி’ என்று தொடங்கும் பத்தியில் ‘ஈரோடு’ மட்டும் காணாமல் போனது. மாற்றிய கோப்பில் சொல் இருந்தது. பேஜ்மேக்கருக்குள் வந்ததும் மறைந்தது. பாமினியில் ‘ஈ’ என்பது இடப்பக்கக் கோண அடைப்பு; காற்புள்ளியோ வலப்பக்கக் கோண அடைப்பு. ஆக, ‘ஈரோடு,’ என்பது பேஜ்மேக்கரின் கண்ணுக்குக் கோண அடைப்புக்குள் இருக்கும் ஒரு பாணிப் பெயர். அது அதை எடுத்துக்கொண்டு மீதியை மட்டும் பக்கத்தில் இட்டது. அந்தத் தேர்வை நீக்கியதும் ஈரோடு திரும்பி வந்தது.

ஆங்கிலச் சொற்களை மாற்றி தொடுவதில்லை. ஆனால் பேஜ்மேக்கரில் முழுப் பத்தியையும் பாமினியில் வைத்தால் அவையும் தமிழ்க் குப்பையாகத் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஆங்கில எழுத்துருவுக்கு மாற்ற வேண்டும். ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள காற்புள்ளியையும் சேர்த்துப் பாருங்கள். ஆங்கிலக் காற்புள்ளி பாமினியில் ‘இ’. தொலைபேசி எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, எண்கள் இரண்டிலும் ஒன்றே. தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. இருமொழி அழைப்பிதழ் வந்தால் அந்த மொழிப் பகுதிக்குத் தனி எழுத்துருவும் தனி மாற்றியும் வேண்டும், தமிழ் மாற்றியில் அவற்றை விடக்கூடாது.

‘பாமினி’ என்ற பெயரில் சுற்றும் எழுத்துருக்கள் எல்லாம் ஒன்றல்ல. புதிய எழுத்துரு கையில் வந்தால், ‘ஈரோடு, ரூபாய் நூறு, ஸ்ரீ கௌரி, லக்ஷ்மி, தூய்மை, ஹூ’ என்பது போன்ற ஒரு சோதனை வரியை மாற்றி, அச்சிட்டுக் கண்ணால் பார்த்த பிறகே முழு மேட்டரையும் ஒப்படைக்க வேண்டும். ஊகார வரிசையும் கிரந்த எழுத்துகளுமே பெரும்பாலும் காலை வாருபவை.

நன்கொடைப் பட்டியல்

எக்ஸ்எல்எஸ்எக்ஸைப் பழைய எக்ஸ்எல்எஸ் ஆக்கி எக்ஸெல் 97-இல் திறக்கலாம். 65,536 வரிசை, 256 நெடுவரிசை என்ற அதன் வரம்பு எந்த ஊர்ப் பட்டியலுக்கும் போதும். ஆனால் அச்சுக்கு அது சுற்றுவழி. பட்டியலை வெளியே லிப்ரே ஆஃபீஸில் திறந்து, டேப் பிரிப்பானுடன் எழுத்துக் கோப்பாகச் சேமித்து, மேலே சொன்ன மாற்றத்தைச் செய்து, பேஜ்மேக்கரில் டேப் நிறுத்தங்களை அமைத்துவிட்டால் பெயர் ஒரு பக்கமும் தொகை மறுபக்கமும் ஒழுங்காக நிற்கும். காற்புள்ளிப் பிரிப்பான் கொண்ட சிஎஸ்வி வடிவைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் மேலே சொன்னதுதான்: மாற்றி எல்லாக் காற்புள்ளிகளையும் கோண அடைப்பாக்கிவிடும், பிறகு பிரிப்பான் எது, 1,001 ரூபாயில் உள்ள காற்புள்ளி எது என்று யாராலும் சொல்ல முடியாது.

படங்கள்

கைப்பேசிப் படம் 4000-க்கு 3000 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஜேபெக்காக இருக்கும்போது 3, 4 எம்பிதான்; நினைவகத்தில் விரிந்தால் புள்ளிக்கு 3 பைட் வீதம் 36 எம்பி. 128 எம்பி கொண்ட கணினியில் இப்படி இரண்டு படத்தைத் திறந்தால் டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டே இருக்கும். நோட்டீஸில் அம்மன் படத்தின் இடம் 3 அங்குல அகலம், 4 அங்குல உயரம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 900-க்கு 1200 போதும், அது 3.24 எம்பி. ஒரே மையில் அச்சாகும் நோட்டீஸுக்குச் சாம்பல் நிறமாக்கினால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே வெட்டுதல், அளவு குறைத்தல், நிறம் மாற்றுதல் எல்லாவற்றையும் வெளியிலேயே முடித்துவிட வேண்டும்.

எச்இஐசி, வெப்பி, ஏவிஃப் மூன்றையும் இர்ஃபான்வியூ அல்லது இமேஜ்மேஜிக் திறந்துவிடும். ஐஃபோன் படங்களில் அகன்ற வண்ண வரம்பு பயன்படுவதால், முதலில் எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான வண்ண வரம்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பழைய மென்பொருளில் முகம் வெளிறித் தெரியும். பேஜ்மேக்கருக்குக் கொடுக்க டிஃப் வடிவமே நல்லது: அழுத்தமில்லாமல் அல்லது எல்இசட்டபிள்யூ அழுத்தத்துடன், அடுக்குகளும் ஒளிபுகு தடமும் இல்லாமல், தடத்துக்கு 8 பிட். டிஃப்புக்குள்ளேயே ஜேபெக் அழுத்தம் வைக்கும் புதிய பழக்கம் இங்கே செல்லாது. விண்டோஸ் 98-இன் பெயின்டில் மட்டும் பார்க்க வேண்டுமானால் பிஎம்பி போதும். இமேஜ்மேஜிக்கில் வெறும் பிஎம்பி என்று சொன்னால் பழையவற்றுக்குப் புரியாத பின்னாளைய தலைப்புடன் எழுதக்கூடும் என்பதால் பிஎம்பி3 என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

பின்னணியில்லாத பிஎன்ஜி லோகோவை வெள்ளைப் பின்னணியில் ஒட்டி டிஃப் ஆக்கலாம். எஸ்விஜி கோப்பாக வந்த கோட்டுச் சித்திரத்தை இங்க்ஸ்கேப்பில் இபிஎஸ் ஆக்கினால் எந்த அளவிலும் கூர்மை குறையாது. பேஜ்மேக்கரில் அது வெறும் சாம்பல் பெட்டியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். முன்னோட்டப் படம் இல்லாத இபிஎஸ் அப்படித்தான் தெரியும். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியில் அச்சிடும்போது சரியாக வரும்.

பிடிஎஃப்

பிடிஎஃப்பின் கதை மற்றவற்றுக்கு நேர்மாறு. விண்டோஸ் 98-இல் யூனிகோடு தமிழைச் சரியாகப் பார்க்க இருக்கும் மிக எளிய வழி இதுவே. ஏனெனில் எழுத்துகளின் உருவங்கள் கோத்து முடிக்கப்பட்ட நிலையில் கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கின்றன, இயங்குதளத்துக்குத் தமிழ் தெரிய வேண்டியதே இல்லை. அக்ரோபாட் ரீடர் 5.0 படிக்கத் தெரிந்தது பிடிஎஃப் 1.4 வரை. அதற்குப் பிந்திய கோப்புகளை வெளியே, பிடிஎஃப் கோப்புகளை மாற்றி எழுதும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளில் இணக்க நிலை 1.4 என்று கொடுத்து மறுபடி எழுதினால் திறந்துவிடும். கடவுச்சொல் இருந்தால் அதை முன்பே நீக்கிவிட வேண்டும். சென்ற ஆண்டு நோட்டீஸை மாதிரிக்குப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய இது போதும். அதிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்ட மட்டும் முயல வேண்டாம்.

ஜிப் மூட்டைகள், 2013-க்குப் பிறகு வந்த ஆர்ஏஆர்5 மூட்டைகள் எல்லாவற்றையும் வெளியிலேயே பிரித்துவிடுங்கள். ‘அண்ணா, ரெண்டு பேர் விட்டுப்போச்சு’ என்று பொருளாளர் அனுப்பும் குரல் செய்தியை எமுலேட்டருக்குள் கேட்க வேண்டிய தேவை எவருக்கும் வராது. கைப்பேசியில் கேட்டு யூனிகோடு உரையிலேயே பெயரைச் சேர்த்து, மறுபடி மாற்றி அனுப்புங்கள். பேஜ்மேக்கருக்குள் நேரடியாகத் திருத்தினால் யூனிகோடு பிரதியும் பாமினிப் பிரதியும் வேறுபட்டுவிடும். மூன்றாம் ப்ரூஃபில் எது கடைசி என்று தெரியாமல் நிற்க நேரும்.

வெளியே எடுத்தல்

முடிந்த பக்கத்தை எடுக்க, விண்டோஸ் 98-இன் பட்டியலில் உள்ள ஆப்பிள் லேசர்ரைட்டர் போன்ற ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரை நிறுவி, போர்ட்டாக ‘ஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அச்சிட வேண்டும். கிடைக்கும் கோப்பு ஃப்ளாப்பியில் அடங்கினால் அதிலேயே கொண்டுவரலாம். படங்கள் இருந்தால் அடங்காது, அப்போது எமுலேட்டரை நிறுத்திவிட்டு டிஸ்க் உருவத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பிடிஎஃப் ஆக்கிவிடும். அதைக் கொண்டு பிளேட் போடலாம், குழுவுக்கு ப்ரூஃபும் அனுப்பலாம். அச்சிடும்போது எழுத்துருவைக் கோப்புக்குள் சேர்க்கும் தேர்வு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அம்மன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அச்சாகும்.

அந்தப் பிடிஎஃப்பில் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. குழுவில் ஒருவர் அதிலிருந்து நிகழ்ச்சி நிரலை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் போய்ச் சேரும். ஆகவே ப்ரூஃபுடன் துப்புரவு செய்த யூனிகோடு உரைக் கோப்பையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறேன்.